நேர் இயக்கச் சுழல்பொறிகள்: பழைய பொறிகளை ஒப்பிட்டு மதிப்பிடும் முறை

பள்ளிகளிலும் நூலகங்களிலும் இசைச் சபைகளிலும் பழைய இசைத்தட்டுக்கள் இன்றும் இருந்து வருகின்றன. அவற்றுள் சில, வேறெங்கும் கிடைத்தற்கரிய பாட்டையோ பேச்சையோ தாங்கியவை. அவ்வொலியைக் கணிப்பொறியில் பதிந்து பாதுகாக்க முற்படுவோர்க்கு முதலில் எழும் கேள்வி, தட்டை எப்பொறியில் வைத்துச் சுழற்றுவது என்பதாகும். சுழற்சியில் நேரும் பிழை புதிய பதிவிலும் அப்படியே ஏறிவிடும். பின்னர் அதைக் கேட்போர், அப்பிழையோடு கூடிய சுருதியையே பாடியவரின் உண்மைச் சுருதி என்று கொள்வர். மூலத்தட்டு உடைந்தோ தேய்ந்தோ போனபின் அதைத் திருத்த வழியில்லை.

இப்பணிக்குப் பலரும் நாடுவது, 'டைரக்ட் டிரைவ்' எனப்படும் நேர் இயக்கமுடைய பழைய ஜப்பானியச் சுழல்பொறிகளை ஆகும். இவற்றின் அமைப்பையும், ஒன்றோடொன்று ஒப்பிடும் முறையையும், வாங்குமுன் செய்யத்தக்க எளிய சோதனைகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

சுழற்சியும் சுருதியும்

நீள்நேர இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலுமாறு பதிவு செய்யப்பட்டது. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி ஆகும். தட்டு விரைந்து சுழன்றால் ஊசி அதிரும் எண்ணிக்கை அதே விகிதத்தில் உயரும், சுருதியும் உயரும். வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் மிகுந்தால், நாலரைக் கட்டைச் சுருதியில் பாடியவர் ஐந்து கட்டையில் பாடியதாகக் கேட்கும். 81/80 என்னும் விகிதமுடைய பிரமாண சுருதியின் அளவு மாறுபாடு தோன்ற 1¼ சதவீதப் பிழையே போதும். 33⅓ சுற்றுக்களுக்குப் பதிலாக 33¾ சுற்றுக்கள் சுழன்றால் இப்பிழை நேர்ந்துவிடும். நிமிடத்துக்கு அரைச் சுற்றுக்கும் குறைந்த வேறுபாடு இவ்வளவு செய்கின்றது என்பது கவனிக்கத்தக்கது.

வேகப் பிழை இருவகைப்படும். முதல் வகை, தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவாக நிற்கும் பிழை. இதனால் ஆதார சட்ஜம் இடம் மாறுமேயன்றி, சுரங்களுக்கிடையேயுள்ள விகிதம் மாறாது. பாட்டின் காலப்பிரமாணமும் சற்றே விரையும் அல்லது தாழும். பிழையின் அளவு தெரிந்திருப்பின் பிற்பாடு கணக்கிட்டுத் திருத்தலாம். இரண்டாம் வகை, வேகம் ஏறி ஏறி இறங்கும் பிழை. மெதுவாக ஏறி இறங்கினால் நீண்ட சுரம் ஊஞ்சலாடுவதுபோல் அலையும். விரைவாக ஏறி இறங்கினால் குரல் நடுங்கும். இவற்றை முறையே அலைவு என்றும் நடுக்கம் என்றும் கூறுவோம். விநாடிக்கு ஏறத்தாழ 4 முறை நிகழும் மாறுபாட்டையே மனிதச் செவி மிக எளிதில் உணர்கின்றது. இவ்வகைப் பிழையைப் பின்னர் நீக்குதல் மிகக் கடினம். ஆகவே நல்ல சுழல்பொறியின் முதற்கடமை வேகத்தை மாறாது காத்தலாகும்.

மூவகை இயக்கம்

50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரத்தில் ஓடும் நான்கு முனை ஒத்தியங்கு மோட்டார் நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும். சுழல்தட்டுக்கு வேண்டுவதோ 33⅓ சுற்றுக்கள். ஆகவே வேகத்தை 45 மடங்கு குறைத்தல் வேண்டும்.

பழைய முறையில், மோட்டார் அச்சுக்கும் சுழல்தட்டின் உள்விளிம்புக்கும் இடையே ஒரு ரப்பர்ச் சக்கரம் அழுந்தி நின்று இவ்வேலையைச் செய்தது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட காரார்ட் 301 இம்முறைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இதன் இழுவிசை வலியது. ஆயினும் விநாடிக்கு 25 முறை சுழலும் மோட்டாரின் அதிர்ச்சி, சக்கரத்தின் வழியே தட்டை அடைந்து, தாழ்ந்த உறுமலாகக் கேட்கக்கூடும். ரப்பர் ஓரிடத்தில் அமுங்கிவிட்டால் சீரான தட்டொலியும் தோன்றும்.

இரண்டாம் முறையில் மெல்லிய ரப்பர் பெல்ட் ஒன்று தட்டைச் சுற்றி இழுக்கின்றது. அமெரிக்காவில் 1961 இல் வெளிவந்த ஏ.ஆர். எக்ஸ்.ஏ. என்னும் எளிய பொறி இதற்குச் சான்றாகும். பெல்ட் மோட்டாரின் அதிர்ச்சியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். எனினும் அது நாளடைவில் நீளும், நழுவும். தட்டு முழுவேகம் எய்தவும் சில விநாடிகள் ஆகும்.

இவ்விரு முறைகளிலும் வேகம் மின்வழங்கலின் அலைவெண்ணைச் சார்ந்தது. 60 ஹெர்ட்ஸுக்கென்று அமைந்த அத்தகைய பொறியை நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓட்டினால், அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், அதாவது 33⅓ க்குப் பதிலாக 27.8 சுற்றுக்களே சுழலும். ஜப்பானிலேயே கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸும் வழங்குகின்றன. தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் வெவ்வேறு அளவுடைய கப்பிகள் தேவைப்பட்டன.

மூன்றாவது முறையே நேர் இயக்கம். இதில் இடையே சக்கரமுமில்லை, பெல்ட்டுமில்லை. சுழல்தட்டின் அச்சே மோட்டாரின் அச்சாகும். மோட்டாரே நிமிடத்துக்கு 33⅓ முறைதான் சுழல்கின்றது. எனவே அதன் சுழற்சியால் எழும் அடிப்படை அதிர்ச்சி விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவு. மனிதச் செவி உணரும் எல்லையோ விநாடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வுகளிலிருந்து தொடங்குகின்றது.

தோற்றமும் வளர்ச்சியும்

இவ்வளவு மெதுவாகவும் சீராகவும் சுழலும் மோட்டாரைச் செய்தல் எளிதன்று. ஜப்பானின் மாத்சுஷிதா மின்பொருட் கம்பெனியில் ஷூயிச்சி ஒபாத்தா என்னும் பொறியியலறிஞரின் முயற்சியால் உருவான டெக்னிக்ஸ் எஸ்.பி.-10 என்னும் பொறி 1970 இல் விற்பனைக்கு வந்தது. இதுவே சந்தைக்கு வந்த முதல் நேர் இயக்கச் சுழல்பொறி என்று கருதப்படுகின்றது. ஊசிக்கையும் அடிப்பலகையுமின்றி, சுழலும் பகுதி மட்டுமாக இது விற்கப்பட்டது. 1972 இல் ஊசிக்கையோடு கூடிய எஸ்.எல்.-1200 வெளிவந்தது. டெனான், விக்டர், பயனியர், சோனி, டிரியோ ஆகிய பிற ஜப்பானியக் கம்பெனிகளும் இத்துறையில் இறங்கின.

தொடக்க காலப் பொறிகளில் வேகத்தை நிலைநிறுத்தும் அளவுகோல், மின்சுற்றிலுள்ள ஒரு மின்னழுத்தமே. வெப்பத்தாலும் உறுப்புக்களின் வயதாலும் அது சற்று விலகும். குமிழைத் திருகி அவ்வப்போது சரிசெய்தல் வேண்டும். 1975 இல் வந்த எஸ்.பி.-10 எம்.கே.2 என்னும் பொறியில் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வே அளவுகோலாயிற்று. கைக்கடிகாரத்தில் காலத்தைக் காக்கும் அதே படிகந்தான் இங்கு வேகத்தைக் காக்கின்றது. 1979 இல் வந்த எஸ்.எல்.-1200 எம்.கே.2, குவார்ட்ஸ் கட்டுப்பாட்டைக் குறைந்த விலைப் பொறியிலும் கொணர்ந்தது. அதே மோட்டார் அமைப்பைப் பின்பற்றிய வகைகள் 2010 வரை செய்யப்பட்டன. சில ஆண்டு இடைவெளிக்குப் பின், 2016 இல் புதிய மோட்டாருடன் எஸ்.எல்.-1200 மீண்டும் விற்பனைக்கு வந்தது.

மோட்டார் தன் வேகத்தை அறியும் விதம்

எஸ்.எல்.-1200 எம்.கே.2 பொறியின் சுழல்தட்டை உயர்த்திப் பார்த்தால் அடியில் ஒரு வளையக் காந்தம் தெரியும். கீழே பொறியின் நடுவில் செம்புக் கம்பிச் சுருள்கள் உள்ளன. சுழல்வது காந்தம், நிலையாக நிற்பவை சுருள்கள். சாதாரண நேர்மின்சார மோட்டாரிலுள்ள கரித்துண்டுகள் இங்கில்லை. காந்தம் எந்நிலையில் உள்ளது என்பதை உணர்ந்து, டிரான்சிஸ்டர்கள் உரிய சுருளுக்கு உரிய நேரத்தில் மின்சாரத்தை மாற்றி மாற்றிச் செலுத்துகின்றன.

அச்சோடு இணைந்த வேக உணர்கருவி ஒன்று, சுழற்சிக்கேற்ப மின்துடிப்புக்களை எழுப்புகின்றது. குவார்ட்ஸ் படிகமும் மாறாத கணக்கில் துடிப்புக்களைத் தருகின்றது. மின்சுற்று இவ்விரண்டையும் இடைவிடாது ஒப்பிடுகின்றது. தட்டு பின்தங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் மிகுகின்றது, முந்தினால் குறைகின்றது. உரத்த இசைப் பகுதியில் ஊசியின் உராய்வு சற்று மிகுந்தாலும் வேகம் உடனே மீட்கப்படுகின்றது. மின்வழங்கலின் அலைவெண் 50 ஆயினும் 60 ஆயினும் இவ்வேகம் மாறுவதில்லை.

இம்முறைக்கும் குறையுண்டு. காந்த முனைகள் தனித்தனியே அமைந்திருப்பதால், சில மோட்டார்களில் இழுவிசை ஒரே சுற்றில் பலமுறை சற்று ஏறி இறங்கும். தட்டின் எடையும் கட்டுப்பாட்டுச் சுற்றும் இதைப் பெரும்பாலும் அடக்கிவிடுகின்றன. 2016 ஆம் ஆண்டுப் பொறியில் சுருளின் இரும்பு உள்ளகத்தையே நீக்கியதன் நோக்கம் இக்குறையைக் களைவதாகும்.

விவரப் பட்டியலிலுள்ள எண்கள்

பழைய பொறிகளை ஒப்பிடுவோர் முதலில் பார்ப்பது கம்பெனியார் வெளியிட்ட விவரப் பட்டியலையே. இங்கு எச்சரிக்கை தேவை. எஸ்.எல்.-1200 எம்.கே.2 என்னும் ஒரே பொறியின் வேக மாறுபாட்டுக்கு அதன் பட்டியலில் மூன்று எண்கள் தரப்பட்டுள்ளன. மோட்டாரின் வேக உணர்கருவியை மட்டும் கொண்டு அளந்தால் 0.01 சதவீதம், ஜப்பானியத் தர அளவை முறைப்படி 0.025 சதவீதம், சர்வதேச முறைப்படி உச்ச அளவு ± 0.035 சதவீதம். மூன்றும் உண்மையே, அளந்த முறைதான் வேறு. ஒரு பொறியின் முதலெண்ணை மற்றொன்றின் மூன்றாம் எண்ணோடு ஒப்பிட்டு, முன்னது மும்மடங்கு சிறந்தது என்று முடிவு செய்தல் தவறாகும்.

மேலும், இவ்வெண்களை இசைத்தட்டின் குறைகளோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். தட்டின் நடுத்துளை மையத்திலிருந்து 0.2 மில்லிமீட்டர் விலகியிருப்பதாகக் கொள்வோம். மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தொலைவில் ஊசி செல்லும்பொழுது வேகம் ஒவ்வொரு சுற்றிலும் ± 0.2 சதவீதம் ஏறி இறங்கும். அளவை முறைகள் வேறாயினும், இது பொறிக்குரிய 0.025 சதவீதத்தைப்போல் எட்டு மடங்கு என்பது தெளிவு. எனவே, நல்ல நிலையிலுள்ள இரு நேர் இயக்கப் பொறிகளுக்கிடையே பட்டியலில் காணும் சிறு வேறுபாடு, துளை விலகிய ஒரு தட்டின்முன் மறைந்துபோகும்.

இழுவிசை எண்ணும் இவ்வாறே. எஸ்.எல்.-1200 எம்.கே.2 இன் தொடக்க இழுவிசை 1.5 கிலோகிராம்-சென்டிமீட்டர், அது 0.7 விநாடியில் முழுவேகம் எய்தும். எஸ்.பி.-10 எம்.கே.2 இன் இழுவிசை 6 கிலோகிராம்-சென்டிமீட்டர், அதற்கு 0.25 விநாடி போதும். பாட்டைக் குறித்த நொடியில் தொடங்க வேண்டிய வானொலி நிலையத்துக்கும், தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து இசையமைப்போர்க்கும் இவ்விரைவு பயன்படும். தட்டை முழுதும் ஓடவிட்டுப் பதிவு செய்பவருக்கு இதனால் பயன் சிறிதே.

வயதின் விளைவு

ரப்பர்ச் சக்கரமோ பெல்ட்டோ கெட்டால் கண்ணுக்குத் தெரியும், மாற்றுவதும் எளிது. நேர் இயக்கப் பொறியில் தேயும் ரப்பர் இல்லை. ஆனால் வயதின் பாரம் மின்சுற்றின்மேல் விழுகின்றது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கடந்த பொறியில் மின்பகு கண்டென்சர்கள் உலர்ந்து தம் கொள்ளளவை இழந்திருக்கலாம். பற்றவைத்த இடங்களில் நுண்ணிய வெடிப்பு தோன்றியிருக்கலாம். வேகக் குமிழின் தொடர்புப் பரப்பு கறுத்து, தொடும்போதெல்லாம் வேகம் துள்ளலாம். பேரிங்கிலுள்ள எண்ணெய் வற்றியிருக்கலாம். இவற்றைத் தேர்ந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் சரிசெய்ய முடியும்.

ஆனால் ஒரு கம்பெனி தன் பொறிக்கென்றே செய்வித்த ஐ.சி. கெட்டுவிட்டால், அதே வகைப் பழைய பொறி ஒன்றிலிருந்து எடுத்துப் பொருத்துவதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழி இராது. இதனாலேயே, நீண்டகாலம் மிகுந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட பொறி, பட்டியலில் அதைவிட உயர்ந்த அரிய பொறியினும் பொதுநிறுவனம் ஒன்றுக்கு ஏற்றதாகலாம். உதிரி உறுப்புக்களும் பழுது பார்க்கும் பழக்கமும் அதற்கே மிகுதி.

மின்னழுத்தத்தையும் மறத்தலாகாது. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்டவை 100 வோல்ட்டில் இயங்குவன. அவற்றை நமது 230 வோல்ட்டில் நேரே இணைத்தால் பழுதடையும். பின்புறமுள்ள தகட்டைப் படித்து, வேண்டுமாயின் அழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வழியே இணைத்தல் வேண்டும்.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள்

1. எண்ணிப் பார்த்தல்: தட்டின் விளிம்பில் சிறு காகிதத் துண்டை ஒட்டுக. ஊசியைத் தடத்தில் வைத்து ஓடவிடுக. காகிதம் ஒரு குறியைக் கடக்கும்போது நேரங்காட்டியைத் தொடங்கி, அக்கடப்பைப் பூஜ்யம் என எண்ணுக. நூறாவது கடப்பு சரியாக 180 விநாடியில் நிகழ வேண்டும். ஒரு விநாடி வேறுபாடு ஏறத்தாழ 0.56 சதவீதப் பிழையாகும். 300 சுற்றுக்களை 540 விநாடியோடு ஒப்பிட்டால் கைத்தாமதத்தால் நேரும் பிழை மேலும் குறையும்.

2. கோடுகளைக் காணல்: வட்டக் காகிதத்தில் சம இடைவெளியில் 180 கோடுகள் வரைந்து தட்டின்மேல் வைத்து, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கின் ஒளியில் காண்க. விளக்கு விநாடிக்கு 100 முறை ஒளிர்வதால், வேகம் சரியாயின் கோடுகள் அசையாது நிற்பதுபோல் தோன்றும். சுழலும் திசையில் நகர்ந்தால் வேகம் அதிகம்; எதிர்த்திசையில் நகர்ந்தால் குறைவு. நிமிடத்துக்கு 6 கோடுகள் நகர்ந்தால் பிழை 0.1 சதவீதம், 60 கோடுகள் நகர்ந்தால் 1 சதவீதம். 60 ஹெர்ட்ஸுக்குரிய வட்டத்தில் 216 கோடுகள் இருக்கும். அதை இங்குப் பயன்படுத்தலாகாது. மின்வழங்கலின் அலைவெண்ணும் சற்று மாறுவதால், மிகச் சிறு பிழைக்கு முதற்சோதனையே நம்பத்தக்கது. எல்.இ.டி. விளக்குகளிற் பல இச்சோதனைக்கு உதவா.

3. சூடேறியபின் சோதித்தல்: குளிர்ந்த நிலையில் அளந்தபின், ஒருமணி நேரம் ஓடவிட்டு மீண்டும் அளக்க. முதுமையுற்ற மின்னுறுப்பின் குறை பெரும்பாலும் சூடேறிய பின்னரே வெளிப்படும். 33⅓, 45 ஆகிய இரு வேகங்களையும் மாற்றி மாற்றிப் பார்க்க. எஸ்.எல்.-1200 எம்.கே.2 ஆயின், வேகக் குமிழ் நடுவில் நிற்கும்போது பச்சை விளக்கு நிலையாக எரிகின்றதா என்றும் காண்க.

4. அலைவைப் பிரித்தறிதல்: நீண்ட ஒரே சுரம் உள்ள தட்டைக் கேட்க. சுரம் 1.8 விநாடிக்கொரு முறை அலைந்தால் ஊசிக்கையைக் கவனிக்க. அதுவும் அதே கால அளவில் பக்கவாட்டில் அசைந்தால் குறை தட்டின் துளையில் உள்ளது என்று கொள்ளலாம். கை அசையாதிருக்க, சுரம் மட்டும் அலைந்தால் பொறியை ஐயுறுக.

5. பேரிங்கைச் சோதித்தல்: மின்சாரத்தை நிறுத்தித் தட்டைக் கையால் சுழற்றுக. உரசும் ஒலியோ பக்கவாட்டு ஆட்டமோ இருத்தலாகாது. தட்டைக் கழற்றிய நிலையில் மின்சாரம் பாய்ச்சலாகாது. காந்தத்தின் அருகே இரும்புத் துகள் அணுகாதவாறு காக்க.

78 சுற்றுத் தட்டுக்கள் உள்ளோர் மற்றொன்றையும் நோக்க வேண்டும். எஸ்.எல்.-1200 எம்.கே.2 பொறியில் 78 சுற்று வேகம் இல்லை, எஸ்.பி.-10 எம்.கே.2 பொறியில் உண்டு. இந்தியாவில் 1902 இல் கல்கத்தாவில் தொடங்கிய ஒலிப்பதிவின் முதல் அரை நூற்றாண்டுச் செல்வம் பெரும்பாலும் இவ்வகைத் தட்டுக்களிலேயே உள்ளது. இவற்றின் தடம் அகன்றதாகலின் தனி ஊசியும் வேண்டும். மேலும், அக்காலத் தட்டுக்கள் யாவும் சரியாக 78 சுற்றில் பதியப்பட்டவை அல்ல. ஆகவே வேகத்தைச் சிறிது கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள பொறியே இதற்கு உகந்தது.

இரு பொறிகளை ஒப்பிடும் முறை

ஒன்றைவிட மற்றொன்றின் ஒலி இனிது என்று கூறுவோர் பலர். அவ்வேறுபாடு மோட்டாரால் விளைந்ததா, ஊசியால் விளைந்ததா, பொறி வைத்த மேசையால் விளைந்ததா என்பதை அறியாது கூறும் முடிவு பயனற்றது. ஒப்பீட்டில் ஒன்றைத் தவிர மற்றவை மாறாதிருத்தல் வேண்டும். ஒரே தட்டு, ஒரே ஊசி, ஒரே ஊசி அழுத்தம், ஒரே ஒலிபெருக்கி, ஒரே மேசை என்று அமைக்க. ஒலியின் உரப்பும் சமமாக இருக்கட்டும். சற்றே உரத்து ஒலிப்பதைச் சிறந்தது என்று எண்ணுதல் செவியின் இயல்பு. கேட்பவர்க்கு எப்பொறி ஓடுகின்றது என்பது தெரியாதிருத்தல் நன்று. மாணவர்களைக் கொண்டு இதைச் செய்வித்தால், காந்தவியலோடு சோதனை முறையின் ஒழுங்கையும் அவர்கள் ஒருங்கே கற்பர்.

சுருங்கக் கூறின், பெல்ட் பொறி யாவும் தாழ்ந்ததுமன்று. நேர் இயக்கப் பொறி யாவும் உயர்ந்ததுமன்று. பெயரும் பட்டியல் எண்ணும், பொறி புதிதாயிருந்த நாளில் இருந்த நிலையைக் கூறுபவை. இன்றைய நிலையை நேரங்காட்டியும் காகிதத் துண்டும் கூறும். பதிவு செய்யும் ஒவ்வொரு தட்டோடும், எப்பொறியில் எவ்வேகத்தில் சுழற்றப்பட்டது, 100 சுற்றுக்கு எத்தனை விநாடி ஆயிற்று என்னும் குறிப்பை எழுதி வைத்தல் வேண்டும். அக்குறிப்பு இருக்குமாயின், வேகம் சற்றுப் பிழைபட்டிருந்தாலும், பிற்காலத்தார் உரிய சுருதியைக் கணக்கிட்டு மீட்டுக்கொள்ள இயலும்.